பேண்டிகூட் என்றால் பெருச்சாளியா? ஒரே பெயரில் இரண்டு விலங்குகள்

ஆங்கிலத்தில் 'பேண்டிகூட்' என்று எழுதியிருந்தால் அது எந்த விலங்கு என்பது, எழுதியவர் எந்த நாட்டில் உட்கார்ந்து எழுதினார் என்பதைப் பொறுத்தது. சென்னையிலோ ஹைதராபாத்திலோ அச்சான செய்தி என்றால் அது நம் பெருச்சாளி. சிட்னியிலோ பெர்த்திலோ வந்தது என்றால் அது எலியே அல்ல. கங்காருவைப் போலக் குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் விலங்கு அது. பூச்சியும் புழுவும் தேடித் தின்னும், கூர்மூக்கு உடையது.

நம் ஆங்கில-தமிழ் அகராதிகள் பலவற்றில் இந்தச் சொல்லுக்கு 'பெருச்சாளி' என்ற ஒரே பொருள்தான் இருக்கும். இந்திய ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஆஸ்திரேலிய விலங்குகளைப் பற்றிய ஆவணப்படத்துக்கோ பொது அறிவுப் புத்தகத்துக்கோ அதே பொருளைத் தூக்கி வைக்கும்போது, உலகத்தில் இல்லாத ஒரு 'பைவைத்த பெருச்சாளி' பிறந்துவிடுகிறது. இரண்டு விலங்குக்கும் பெயர் எப்படி ஒன்றானது என்று தெரிந்தால் இந்தத் தவறு நேராது. அந்தப் பெயர் கிளம்பிய இடமும் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பந்தியும் கொக்கும்

சொல்லின் மூலம் தெலுங்கு 'பந்திகொக்கு'. தமிழ் வாசகர் இதைக் கேட்டால் இரண்டு பாதியிலும் வழுக்கி விழ வாய்ப்பு உண்டு. பந்தி என்றால் நமக்குச் சாப்பாட்டுப் பந்தி, கொக்கு என்றால் நீரில் ஒற்றைக் காலில் நிற்கும் பறவை. தெலுங்கில் 'பந்தி' என்பது நம் 'பன்றி'யின் உடன்பிறந்த சொல். 'கொக்கு' பெரிய எலியைக் குறிக்கும்; கொக்குப் பறவைக்கு அங்கே 'கொங்க' என்று பெயர். ஆக, பந்திகொக்கு என்றால் பன்றி எலி.

ஏன் பன்றி? விலங்கைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. பன்றி கிளறிய நிலம் போல இது தோண்டிய இடத்திலும் மண் குவிந்து கிடக்கும். மூலையில் மடக்கினால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். உடம்பும் எலிக்குரிய அளவைத் தாண்டித் தடித்தது. சிங்களத்திலும் இதற்கு 'ஊரு மீயா' என்றே பெயர்; ஊரு பன்றி, மீயா எலி. வேறு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களும் அதே உவமையைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

தமிழும் மலையாளமும் வேறு வழியில் போயின. தமிழில் பெருச்சாளி, மலையாளத்தில் பெருச்சாழி. மலையாளத்தில் 'துரப்பன்' என்றும் ஒரு பெயர் உண்டு. நாம் துளையிடும் கருவியைத் துரப்பணம் என்கிறோமே, அதே வேர். வளை துளைப்பதைப் பார்த்து வைத்த பெயர். வயலில் வளை தோண்டும் எலிக்குத் தமிழில் அகழான், அகழெலி என்ற பெயர்கள் இருப்பதும் இதே பார்வையில்தான். கன்னடத்தில் ஹெக்கண.

இத்தனை பெயர்கள் இருக்க ஆங்கிலேயர் தெலுங்குப் பெயரை எடுத்துக்கொண்டதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் காலூன்றியது மசூலிப்பட்டினத்தில், 1611-இல். மதராஸ் வந்தது 1639-இல். அந்த நிலத்தைக் கொடுத்தவர்களும் தெலுங்கு பேசிய நாயக்கர்களே. கம்பெனியின் துபாஷிகளிலும் வணிகர்களிலும் தெலுங்கர் நிறையப் பேர். தெலுங்குக்கு ஆங்கிலேயர் 'ஜெண்டூ' என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். கிடங்கில் அரிசி மூட்டையை ஓட்டை போடும் பிராணிக்குப் பெயர் கேட்டபோது தெலுங்குப் பெயர் காதில் விழுந்ததில் வியப்பில்லை.

ஒலியும் இதற்குச் சாட்சி சொல்கிறது. தமிழ்வழி போயிருந்தால் முதல் பாதி 'பன்றி' அல்லது பேச்சுவழக்கில் 'பன்னி' என்று இருந்திருக்கும். 'பேண்டி' என்று வருவதற்குத் தெலுங்கு 'பந்தி'தான் பொருந்துகிறது. 'பால்' என்பதில் வரும் ப, 'பஸ்' என்பதில் வரும் ப போல மாறியது எப்படி என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் வல்லோசை 'ப' மூச்சோடு வெடித்து வரும். தெலுங்கு 'ப'வில் அந்த மூச்சு கிடையாது. மூச்சில்லாத 'ப'வை ஆங்கிலக் காது 'பஸ்' வகை ஒலியாக எடுத்துக்கொள்வது இயல்பு.

கடைசிப் பாதி 'கொக்கு' எப்படிக் 'கூட்' ஆனது? பழைய நூல்களில் 'பேண்டிகோட்' என்ற எழுத்துமுறையும் உண்டு. அந்நியச் சொல்லின் வால் பகுதியைத் தன் மொழியில் ஏற்கெனவே உள்ள சொல்லைப் போல வளைத்துக்கொள்வது எல்லா மொழியிலும் நடப்பது. ஆங்கிலத்தில் 'கூட்' என்று ஒரு நீர்ப்பறவை உண்டு. நம் நாமக்கோழி அது. மராத்தி 'முங்குஸ்' ஆங்கிலத்தில் 'மங்கூஸ்' ஆகி வாலில் 'கூஸ்' என்ற ஒரு வாத்தைச் சேர்த்துக்கொண்டதும் இதே போக்குதான். கீரிக்கும் வாத்துக்கும் சம்பந்தம் இல்லாததைப் போலவே, பேண்டிகூட்டுக்கும் நாமக்கோழிக்கும் சம்பந்தம் கிடையாது.

அன்றைக்கே தொடங்கிய குழப்பம்

1780களில் இந்தக் கரையில் போரிட்ட இன்னஸ் மன்ரோ என்ற படை அதிகாரி, 1789-இல் வெளியிட்ட நூலில் பேண்டிகூட்டைக் குறிப்பிடுகிறார். அதையும் 'மஸ்க் ராட்'டையும் ஒன்றாக்கி, அதன் தொல்லை பெரும்பாலும் நாற்றத்தால்தான் என்று எழுதுகிறார். நாற்றம் என்றதுமே நமக்குப் புரிந்துவிடும், அவர் சொல்வது மூஞ்சூறு. விலாவில் உள்ள சுரப்பியிலிருந்து கடும் நாற்றம் விடுவது மூஞ்சூறுதான், பெருச்சாளி அல்ல. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் மூஞ்சூற்றை 'மஸ்க் ராட்' என்றார்கள். அதே பெயரில் வட அமெரிக்காவில் நீரில் வாழும் வேறொரு கொறிப்பான் இருப்பதால், அந்தக் காலத்து நூல்களை மொழிபெயர்ப்பவர் இங்கேயும் நிதானிக்க வேண்டும்.

மன்ரோவைக் குறை சொல்லவும் முடியாது. பிள்ளையார் வாகனத்தை ஒரு வீட்டில் மூஞ்சூறு என்பார்கள், அடுத்த வீட்டில் பெருச்சாளி என்பார்கள். ஆனால் வீட்டுக்குள் வந்தது எது என்று தெரிந்துகொள்வது நடைமுறைக்கு அவசியம். மூஞ்சூறு கொறிக்கும் விலங்கு அல்ல. அதன் பற்கள் ஊசிபோல் வரிசையாக இருக்கும், நீண்ட மூக்கு எந்நேரமும் அசையும், கண் கடுகளவு, சுவரோரமாகக் கீச்சுக் குரலோடு ஓடும். கரப்பான்பூச்சியையும் மற்றப் பூச்சிகளையும் தின்னும். அரிசி மூட்டை ஓட்டையானதற்கு அதன்மேல் பழிபோட்டு மருந்து வைத்தால், பூச்சி தின்னும் ஒன்றைக் கொன்றுவிட்டு, மூட்டையைக் கடித்ததை விட்டுவிடுகிறோம்.

நம் ஊர்ப் பெருச்சாளி

இந்திய ஆங்கிலத்தில் பேண்டிகூட் என்பதன்கீழ் முக்கியமாக இரண்டு இனங்கள் அடங்கும்.

பெரியது, பாண்டிகோட்டா இண்டிகா. ஊர்ப்பக்கம் பெருச்சாளி என்று சொன்னால் மனக்கண்ணில் வருவது இதுதான். தலையும் உடலும் சேர்ந்து 25 முதல் 30 சென்டிமீட்டர், வாலும் ஏறக்குறைய அதே நீளம். எடை அரைக் கிலோவைத் தாண்டும். ஒரு கிலோவைத் தொடுபவையும் உண்டு. முதுகில் கரிய, முரட்டு நீள்மயிர்கள் துருத்திக்கொண்டு நிற்கும். பெக்ஸ்டைன் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் 1800-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இந்த இனத்துக்கு மூல இடமாக அறிவியல் பட்டியல்களில் பதிவாகியிருப்பது புதுச்சேரி. உலகில் எங்கே இந்தப் பெருச்சாளியைப் பிடித்தாலும், பெயர் சரிதானா என்று பார்க்கும்போது புதுச்சேரி என்ற ஊர்ப்பெயர் அங்கே வந்து நிற்கும்.

சிறியது, பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ். எடை பெரும்பாலும் 200 முதல் 350 கிராம், வால் உடலைவிடக் குட்டை, முகம் மழுங்கினாற்போல் இருக்கும். நெல் வயலில் வரப்பைக் குடைந்து கதிர்த் தண்டை அறுப்பதில் முதலிடம் இதற்கே. மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களின் தானியக் கிடங்குகளிலும் இதுவே பெருகியது. வளைக்குள் தனி அறைகள் வைத்து நெற்கதிரைச் சேமிக்கும். அறுவடைக்குப் பிறகு வளையை வெட்டி அந்த நெல்லை எடுப்பது ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் தானியமாக இருந்திருக்கிறது. பழைய நூல்களில் இதன் பேரினத்தை நெசோகியா என்று எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் 'இந்திய மோல் ராட்' என்றும் சொல்வதுண்டு. இந்தப் பெயரைக் கண்டதும் ஆப்பிரிக்காவின் மயிரில்லாத மோல் ராட்டை நினைத்துக்கொள்ளக் கூடாது, அது முற்றிலும் வேறு குடும்பம்.

இந்த இரண்டையும் உள்ளடக்கிய பேரினத்துக்கு 1873-இல் ஜான் எட்வர்ட் கிரே 'பாண்டிகோட்டா' என்று பெயரிட்டார். தெலுங்குச் சொல் இப்படி ஆங்கிலம் வழியாக லத்தீன் வேடம் போட்டு அறிவியலுக்குள் நுழைந்தது. பின்னால் வரும் குழப்பத்துக்கு இது ஒரு திறவுகோல். பாண்டிகோட்டா என்ற அறிவியல் பெயர் எலிக்கு மட்டுமே உரியது. ஆஸ்திரேலிய விலங்கு எதற்கும் அந்தப் பெயர் கிடையாது.

பெருச்சாளி வளையை அடையாளம் காண வழி எளிது. வாயில் தோண்டி எறிந்த மண் மேடாகக் கிடக்கும். சிறிய இனம் பகலில் உள்ளிருந்தபடி வாயைத் தளர்மண்ணால் அடைத்துக்கொள்ளும். அதனால் எந்த வளையில் ஆள் இருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மாலையில் எல்லா வளைகளையும் மண் தள்ளி மூடிவிட்டு, காலையில் எவை திறந்திருக்கின்றன என்று பார்த்து, அவற்றில் மட்டும் நடவடிக்கை எடுப்பதுதான் முறை. துத்தநாகப் பாஸ்பைடு என்ற எலிமருந்து கலந்த இரையை முதல் நாளே வைப்பது பலரும் செய்யும் பிழை. புது உணவைப் பெருச்சாளி முதலில் சிறிது கடித்துப் பார்க்கும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த இரையைப் பிறகு தொடாது. மருந்து கலக்காத இரையை இரண்டு மூன்று நாள் வைத்துப் பழக்கிய பிறகே மருந்து சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். டெல்டா மாவட்டங்களில் மூங்கிலை வளைத்துச் செய்யும் தஞ்சாவூர் கிட்டி என்ற பொறியில் மருந்துக்கே வேலை இல்லை என்பதால் இந்தச் சிக்கலும் இல்லை.

கடல் கடந்த பெயர்

1788-இல் சிட்னியில் குடியேற்றம் தொடங்கியது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே இருந்த ஒரு விலங்குக்கு 'பேண்டிகூட்' என்ற பெயர் ஆவணங்களில் ஏறிவிட்டது. அன்றைய கப்பல்காரர்களுக்கும் படையினருக்கும் இந்தியா பழக்கப்பட்ட இடம். கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குச் சரக்குக் கப்பல்கள் போய்வந்த காலம் அது. கூரிய மூக்கோடு, முதுகு வளைந்து, இரவில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த பிராணியைக் கண்டதும் இந்தியாவில் பார்த்த 'பெரிய எலி'யின் பெயரை அதற்கும் ஒட்டிவிட்டார்கள்.

ஒற்றுமை தோற்றத்தோடு முடிந்தது. ஆஸ்திரேலியப் பேண்டிகூட் ஒரு பைப்பாலூட்டி. ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலுமாக ஏறக்குறைய இருபது இனங்கள் இன்று வாழ்கின்றன. நீளமூக்குப் பேண்டிகூட், வடபகுதிப் பழுப்புப் பேண்டிகூட் ஆகியவற்றின் கர்ப்பகாலம் பன்னிரண்டரை நாள். பாலூட்டிகளிலேயே மிகக் குறைந்த கர்ப்பகாலங்களில் இது ஒன்று. அரைகுறையாகப் பிறந்த குட்டி பைக்குள் ஊர்ந்து போய் முலைக்காம்பைப் பற்றிக்கொண்டு ஏழு வாரத்துக்கு மேல் வளரும். பையின் வாய் பின்பக்கம் திறந்திருக்கும். முன்பக்கம் திறந்திருந்தால் தாய் தோண்டும் மண் முழுவதும் குட்டிமேல் விழும்.

பல்லைப் பார்த்தாலே வேறுபாடு தெளிவு. எலிக்கு மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி உளிப்பற்கள். வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். பேண்டிகூட்டுக்கு மேலே நான்கைந்து ஜோடி, கீழே மூன்று ஜோடிச் சிறிய வெட்டுப்பற்கள். பின்னங்காலின் இரண்டாம், மூன்றாம் விரல்கள் ஒட்டிப்போய் நுனியில் இரண்டு நகம் மட்டும் தெரியும். அதை மயிர் கோதும் சீப்பாகப் பயன்படுத்துகிறது. முன்னங்காலில் மூன்று பலமான நகங்கள், தோண்டுவதற்கு.

தோண்டிய இடமே காட்டிக்கொடுக்கும். பேண்டிகூட் வந்துபோன புல்வெளியில் கூம்பு வடிவில் சின்னச் சின்னக் குழிகள் சிதறிக் கிடக்கும். வாய் அகலம், அடி குறுகல், பெரும்பாலும் ஒரு சாணுக்குள் ஆழம். அது வளை அல்ல, உள்ளே ஓடும் சுரங்கமும் இருக்காது. புல்வேரைத் தின்னும் வண்டுப் புழுவை மோப்பம் பிடித்து, மூக்கை நுழைத்து எடுத்துத் தின்ற தடம் அது. குழிக்குள் கையை விட்டால் அடி தட்டுகிறதா, வழி தொடர்கிறதா என்பதிலேயே பதில் கிடைத்துவிடும்.

அறிவியலாளரும் இந்த விலங்குக்குப் பெயர் வைக்கும்போது வேறொன்றின் சாயலையே தேடினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஜெஃப்ராய் வைத்த 'பெராமெலிஸ்' என்ற பேரினப் பெயருக்குப் 'பைவைத்த பாட்ஜர்' என்று பொருள்; பாட்ஜர் என்பது வளை தோண்டும் ஓர் ஐரோப்பியப் பாலூட்டி. பன்றி, எலி, பாட்ஜர் என்று மூன்று விலங்கின் சாயல் இதன்மேல் ஏற்றப்பட்டும், உண்மையான உறவு ஒன்றோடும் இல்லை.

இந்தப் பெயரால் விலங்குக்குத் தீங்கும் நேர்ந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். எலி என்று நினைத்து அடிப்பதும், எலிக்கு வைத்த மருந்தில் இது சாவதும் ஆஸ்திரேலிய நகர்ப்புறங்களில் பாதுகாவலர்கள் எச்சரித்துக்கொண்டே இருக்கும் விஷயம். நரியும் பூனையும் ஐரோப்பியரோடு வந்து இறங்கிய பிறகு பல இனங்கள் நொறுங்கிவிட்டன. பன்றிக்கால் பேண்டிகூட் அடியோடு அழிந்துபோனது. பின்னிடுப்பில் வெளிறிய பட்டைகள் உள்ள கிழக்குப் பட்டைப் பேண்டிகூட், ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் காட்டில் இல்லாமலே போய், வேலியிட்ட காப்பிடங்களிலும் நரியில்லாத தீவுகளிலும் வளர்க்கப்பட்டு, 2021-இல்தான் விக்டோரியா மாநிலத்தில் 'காட்டில் அழிந்தது' என்ற நிலையிலிருந்து 'அழியும் அபாயம்' என்ற நிலைக்கு மீட்கப்பட்டது. சட்டத்தின் பார்வையிலும் இரண்டு விலங்கும் எதிரெதிர்த் துருவங்கள். இந்தியாவில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்படும்வரை எலிகளைத் தொல்லை விலங்குப் பட்டியலில் வைத்திருந்தது. ஆஸ்திரேலியாவில் பேண்டிகூட் பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

அங்கே மண்ணின் பெயர்களுக்கு மெல்லத் திரும்பி வருகிறார்கள். முன்பு 'முயல்காதுப் பேண்டிகூட்' என்று சொன்ன விலங்கை இப்போது எல்லோரும் 'பில்பி' என்கிறார்கள். யுவாலராய் மொழிச் சொல் அது. மேற்கு ஆஸ்திரேலியாவில் தென்பகுதிப் பழுப்புப் பேண்டிகூட்டை நூங்கார் மக்களின் சொல்லால் 'க்வெண்டா' என்றே அறிவிப்புப் பலகைகளிலும் எழுதுகிறார்கள். ஆந்திரத்து எலியின் பெயரைச் சுமப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பேச்சில் எப்படிப் புழங்குகிறது

ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் பேண்டிகூட் பரிதாபத்துக்கு உவமை. பேண்டிகூட் போல ஏழை, பேண்டிகூட் போல வழுக்கை, பேண்டிகூட் போலத் துயரம் என்றெல்லாம் சொல்வழக்குகள் உண்டு. இதையே வினையாகவும் ஆக்கியிருக்கிறார்கள். உருளைக்கிழங்குச் செடியைப் பிடுங்காமல், மேலே தழை அப்படியே நிற்க, கையால் மண்ணைத் தோண்டிக் கிழங்கை மட்டும் எடுத்துக்கொள்வதற்கு 'பேண்டிகூட் செய்வது' என்று பெயர். அடுத்தவன் தோட்டத்தில் திருடும்போது இப்படி எடுத்தால் சில நாளைக்குத் தெரியாது.

தமிழில் பெருச்சாளியின் நிலைமை நேரெதிர். அது கொழுத்த திருட்டுக்கு அடையாளம். 'ஊழல் பெருச்சாளி' என்றால் அரசுக் கிடங்கைத் தின்று கொழுத்தவர் என்று விளக்காமலே புரியும். தெலுங்கிலும் பந்திகொக்குகளைப் போலத் தின்றார்கள் என்று ஏசுவார்கள். இதை ஆங்கிலத்தில் அப்படியே 'ஊழல் பேண்டிகூட்' என்று மாற்றினால் ஏச்சு மறைந்துபோகும். வெளிநாட்டு வாசகருக்கு அந்தச் சொல்லில் ஊழலும் இல்லை, கொழுப்பும் இல்லை. 1996-இல் பிளேஸ்டேஷனில் வந்த கிராஷ் பேண்டிகூட் விளையாட்டின் ஆரஞ்சு நிறக் கதாநாயகன்தான் அவர் நினைவில் வருவான். அவனும் ஆஸ்திரேலிய வகை, பெருச்சாளி அல்ல. எலியைக் குறிக்கும் 'ராட்' என்ற ஆங்கிலச் சொல்லும் உதவாது, அது காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கும். இந்த இடத்தில் உவமையை விட்டுவிட்டு 'பொதுப்பணத்தைத் தின்று கொழுத்தவர்' என்ற பொருளை நேராக ஆங்கிலத்தில் சொல்வதுதான் வழி.

சொற்பிறப்பு தேடுவோர் ஒரு பொய்த்தடத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். யூல், பர்னெல் இருவரும் 1886-இல் வெளியிட்ட, இந்திய ஆங்கிலச் சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி பந்திகொக்கு என்ற மூலத்தைச் சரியாகவே தந்தது. 1903-இல் க்ரூக் அதை விரித்துப் பதிப்பித்தபோது, ஆஸ்திரேலியத் தங்கவயல் நகரமான பெண்டிகோவின் பெயரும் இதிலிருந்தே வந்தது என்று ஒரு குறிப்பு சேர்ந்துவிட்டது. அது தவறு. பெண்டிகோ என்பது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த குத்துச்சண்டை வீரர் வில்லியம் அபெட்னெகோ தாம்சனின் பட்டப்பெயர். அது ஆஸ்திரேலியாவில் ஓர் ஓடைக்குப் பெயராகி, பிறகு ஊருக்கு வந்தது. பழைய அகராதியில் அச்சாகிவிட்டதால் இந்தப் பேண்டிகூட் கதையை இன்றும் மேற்கோள் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தமிழில் எழுதும்போது

மூலத்தில் இந்தச் சொல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இடம். இந்தியா, இலங்கை, மியான்மர், தென்கிழக்கு ஆசியா என்றால் எலி. ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, நியூகினி என்றால் பைப்பாலூட்டி. இடம் சொல்லாத ஆய்வுரை என்றால் அறிவியல் பெயரைத் தேட வேண்டும். பாண்டிகோட்டா என்று இருந்தால் எலி. பெராமெலிஸ், ஐசூடான் என்று இருந்தால் ஆஸ்திரேலிய விலங்கு. 'பேண்டிகூட் ராட்' என்று இரண்டு சொல்லாக இருந்தால் ஐயமே இல்லை, எலிதான். வளை, கிடங்கு, பொறி, இரைமருந்து என்ற சூழல் எலியைக் காட்டும். பை, காப்பிடம், நரி என்ற சூழல் மற்றதைக் காட்டும்.

மருத்துவக் கட்டுரைகளில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 1930களில் குயின்ஸ்லாந்தின் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களிடம் கண்ட புதிய காய்ச்சலை எட்வர்ட் டெரிக் 1937-இல் விவரித்தார். கியூ காய்ச்சல் என்று அதற்குப் பெயர். அடுத்த சில ஆண்டுகளில் அதே கிருமியைப் பேண்டிகூட்டிடமிருந்தும் பிரித்தெடுத்தார்கள். அது ஐசூடான், ஆஸ்திரேலிய விலங்கு. ஆஸ்திரேலியாவில், கடித்தவரின் உடலை முடக்கிவிடும் ஒருவகை உண்ணிக்கு இயல்பான புகலிடம் பேண்டிகூட் என்று எழுதுவதும் அதே விலங்கைப் பற்றித்தான். இவற்றைப் 'பெருச்சாளி' என்று பெயர்த்தால், தமிழ்நாட்டு வாசகர் தம் வீட்டுச் சாக்கடையைப் பார்த்துத் தவறான நோய்க்குப் பயப்படுவார். மறுபுறம், எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் பற்றிய இந்திய ஆய்வில் பேண்டிகூட் என்று வந்தால் அது உண்மையாகவே நம் பெருச்சாளி. அங்கே 'பேண்டிகூட்' என்று ஒலிபெயர்த்து விட்டுவிட்டால், எச்சரிக்கை யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவருக்குப் புரியாது.

ஆகவே இந்திய விலங்குக்குப் பெருச்சாளி, சிறிய இனத்துக்கு வயலெலி அல்லது அகழெலி, ஆஸ்திரேலிய விலங்குக்குப் 'பேண்டிகூட்' என்றே எழுதி முதல் இடத்தில் மட்டும் 'ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டி' என்று ஒரு சொல் சேர்ப்பது போதும். 'பைப்பெருச்சாளி' என்று புதுச்சொல் உண்டாக்குவதில் நன்மை இல்லை. இருநூறு ஆண்டுக்கு முன் கப்பல்காரர் செய்த தவற்றைத் தமிழில் மறுபடியும் செய்வதாகத்தான் அது ஆகும்.

ஒரே ஓர் இடத்தில் ஒலிபெயர்ப்பும் இந்திய எலியும் சேர்ந்து நிற்கின்றன. திருவனந்தபுரத்து நிறுவனமான ஜென்ரோபாட்டிக்ஸ் 2018-இல் அறிமுகம் செய்த, பாதாளச் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் பெயர் 'பேண்டிகூட்'. மனிதர் இறங்க வேண்டிய குழியில் தான் இறங்கி, கையை நீட்டிக் கசடை அள்ளும் அந்த இயந்திரம் கும்பகோணத்திலும் கோயம்புத்தூரிலும் பயன்பாட்டுக்கு வந்தது. இது வணிகப் பெயர் என்பதால் 'பெருச்சாளி இயந்திரம்' என்று பெயர்க்காமல் பேண்டிகூட் என்றே எழுத வேண்டும்.